ஒரே அசெம்பிளி கோப்பு ராஸ்பெரி பையிலும் மேக்கிலும் சி-யோடு லிங்க் ஆக வேண்டும்: மேக்ரோ எப்படி எழுதுவது?

மெல்லிசை_நிரலன்

வணக்கம். ஆடியோ வேலைக்காக ஒரு எஃப்ஐஆர் ஃபில்டர் (ஒலி மாதிரிகளை எடைகளால் பெருக்கிக் கூட்டும் வடிகட்டி) எழுதி வைத்திருக்கிறேன். சுற்றியிருப்பதெல்லாம் சி; உள்ளே சுழலும் லூப் மட்டும் ஏஆர்எம்64 அசெம்பிளி, நியான் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும்) ரெஜிஸ்டர்களோடு. ராஸ்பெரி பை 4-இல், 64 பிட் லினக்ஸில், ஜிசிசி வைத்து நன்றாக ஓடுகிறது. அதே கோப்பை எம்1 மேக்குக்குக் கொண்டுபோனேன். இரண்டிலும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்தானே, கை வைக்க வேண்டியிருக்காது என்று எதிர்பார்த்தேன்.

முதலில் .டைப், .சைஸ் வரிகளைத் தெரியாது என்றது அசெம்பிளர். எடுத்துவிட்டேன். அப்புறம் லிங்கர் நின்றது: "_எஃப்ஐஆர்_ஓட்டு" கிடைக்கவில்லையாம். நான் வைத்த பெயரின் முன்னால் அடிக்கோடே கிடையாது. கையால் ஒன்று போட்டால் மேக்கில் சேர்கிறது, பையில் உடைகிறது.

சரி, மேக்ரோ போடுவோம் என்று ஒரு #டிஃபைனுக்குள் .குளோபல், அலைன்மென்ட், லேபல் மூன்றையும் ; போட்டு அடுக்கினேன். பையில் பிரச்சினை இல்லை. மேக்கில் அசெம்பிளர் ஒன்றும் சொல்லாமல் முடிக்கிறது, லிங்கர் மறுபடியும் அதே பெயரைக் காணோம் என்கிறது. இந்த முறை அடிக்கோடு சரியாகத்தான் இருக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பை என்எம் (அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் கருவி) போட்டுப் பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் டி (வரையறுக்கப்பட்டது) வர வேண்டிய இடத்தில் யூ (வரையறுக்கப்படாதது) வருகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே கோப்பு வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வைகை_பிட்

என்எம் போட்டுப் பார்த்தது நல்லது, விடை அதிலேயே இருக்கிறது. ஏஆர்எம்64-க்கான ஆப்பிள் அசெம்பிளரில் ; என்பது இரண்டு வாக்கியங்களைப் பிரிக்கும் குறி இல்லை. கமெண்ட் தொடங்கும் குறி. பிரிப்பதற்கு அங்கே %% போட வேண்டும். சி ப்ரீப்ராசஸர் உங்கள் மேக்ரோவை ஒரே நீள வரியாக விரித்துக் கொடுக்கிறது. அதில் முதல் ; வரைக்கும் உள்ள .குளோபல் மட்டும்தான் அசெம்பிளர் கண்ணில் படுகிறது. லேபல் கமெண்டுக்குள் போய்விட்டது. பெயரை அறிவித்தாயிற்று, வரையறுக்கவில்லை, ஆகவே யூ. சட்டப்படி எல்லாம் சரியாக இருப்பதால் அசெம்பிளர் குறை சொல்ல இடமே இல்லை.

இதற்கு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு பிரிப்புக் குறி என்று #டிஃபைன் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ப்ரீப்ராசஸர் மேக்ரோவை விட்டுவிட்டு அசெம்பிளரின் சொந்த .மேக்ரோ / .எண்ட்எம் ஜோடியைப் பயன்படுத்துங்கள். அதில் வரிகள் வரிகளாகவே இருக்கும், பிரிப்புக் குறிக்கே வேலை இல்லை. ஜிஎன்யூ அசெம்பிளரும் கிளாங்கும் இதை ஒரே மாதிரி புரிந்துகொள்கின்றன. #இஃப் போன்றவற்றுக்கு மட்டும் ப்ரீப்ராசஸர் போதும். கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்து எஸ் ஆக இருந்தால் அது தானாக ஓடும், சின்ன எழுத்தாக இருந்தால் ஓடாது.

அடுத்து அடிக்கோடு. பழைய யூனிக்ஸ்களில் சி கம்பைலர் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு அடிக்கோடு சேர்க்கும். லினக்ஸின் இஎல்எஃப் என்ற ஆப்ஜெக்ட் கோப்பு வடிவத்தில் அந்தப் பழக்கம் போய்விட்டது. மேக்கின் மாக்-ஓ வடிவத்தில் இன்றும் இருக்கிறது. விண்டோஸில் 32 பிட்டில் உண்டு, 64 பிட் எக்ஸ்86-இல் இல்லை. இதையெல்லாம் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஜிசிசி, கிளாங் இரண்டுமே __யூசர்_லேபல்_ப்ரிஃபிக்ஸ்__ என்று ஒரு மேக்ரோவை முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கின்றன (எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில்). லினக்ஸில் அது வெறுமை, மேக்கில் ஒரு அடிக்கோடு. அதை ## வைத்து உங்கள் பெயரோடு ஒட்டுங்கள். ஒட்டும்போது இரண்டு படியாகச் செய்ய வேண்டும்: ## தன் இரு பக்கத்தையும் விரிக்காமல் அப்படியே ஒட்டிவிடும். நேராக ஒட்டினால் உங்கள் ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் அந்த மேக்ரோவின் பெயரே வந்து நிற்கும். வெளி மேக்ரோ வாங்கி விரித்து, உள் மேக்ரோவுக்குக் கொடுக்க, உள்ளே ஒட்டட்டும்.

ஒரு தலைப்புக் கோப்பில் நான்கு மேக்ரோ இருந்தால் உங்கள் வேலைக்குப் போதும். பெயர் ஒட்டுவது ஒன்று. ஃபங்ஷன் தொடக்கம்: .டெக்ஸ்ட், .பி2அலைன், .குளோபல், லேபல். .அலைன் வேண்டாம்; அதில் எழுதும் எண் சில இடத்தில் பைட் கணக்கு, சில இடத்தில் இரண்டின் அடுக்கு. .பி2அலைன் எங்கும் அடுக்குதான். ஃபங்ஷன் முடிவு: .டைப், .சைஸ் இரண்டையும் எறிந்துவிடாமல், இஎல்எஃப் என்றால் மட்டும் வருமாறு இங்கே வையுங்கள். ஜிடிபி (பிழை தேடும் கருவி), பெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) இரண்டும் ஃபங்ஷன் எங்கே முடிகிறது என்பதை அதை வைத்துத்தான் சொல்கின்றன. .டைப் வரியில் @ஃபங்ஷன் என்று எழுதாமல் %ஃபங்ஷன் என்று எழுதுங்கள். 32 பிட் ஏஆர்எம்மில் @ கமெண்ட் குறி; % எங்கும் செல்லும்.

நான்காவது, ஒரு அட்டவணையின் முகவரியை எடுப்பது. இரண்டிலும் ஏடிஆர்பி, ஏட் என்று அதே இரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷன்தான். ஆனால் லினக்ஸில் ஏட் வரியில் பெயருக்கு முன்னால் :லோ12: வரும், மேக்கில் ஏடிஆர்பி வரியில் பெயருக்குப் பின்னால் @பேஜ், ஏட் வரியில் @பேஜ்ஆஃப். இதை ஒரு மேக்ரோவுக்குள் அடைத்துவிட்டால் மீதிக் கோப்பில் #இஃப் ஒன்றுகூடத் தேவைப்படாது. எஃப்எஃப்எம்பெக் (ஆடியோ, வீடியோ நூலகம்) மூலத்தில் ஏஆர்எம்64 பகுதியைத் திறந்து பாருங்கள், இதே பாணியில் ஃபங்ஷன், எண்ட்ஃபங்க், மூவ்ரெல் என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். உங்கள் அசெம்பிளி ஏதாவது ஸ்ட்ரக்டுக்குள் கை விடுகிறது என்றால், 8, 16, 24 என்று எண்களைக் கோப்பு முழுக்கத் தூவாதீர்கள். பொதுத் தலைப்புக் கோப்பில் #டிஃபைனாக வையுங்கள். ஸ்ட்ரக்ட் வரையறை அசெம்பிளர் கண்ணில் படாமல் __அசெம்பிளர்__ மேக்ரோவை வைத்து மறைக்கலாம். சி பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆஃப்செட்ஆஃப் வைத்து ஒரு _ஸ்டாட்டிக்_அசெர்ட் எழுதுங்கள். நாளைக்கு யாராவது நடுவில் ஒரு ஃபீல்டு சேர்த்தால் கம்பைல் அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மெல்லிசை_நிரலன்

ரொம்ப நன்றிங்க வைகை. .மேக்ரோவுக்கு மாற்றியதும் இரண்டு இடத்திலும் லிங்க் ஆகிவிட்டது, சத்தமும் சுத்தமாக வருகிறது. அட்டவணையையும் அசெம்பிளி பக்கமே கொண்டுவந்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். சோதனைக்காக லூப்புக்கு நடுவில் பிரிண்ட்எஃப் அழைத்து எண்ணிக்கையை அச்சிடுகிறேன். எக்ஸ்0-இல் ஃபார்மட், டபிள்யூ1-இல் எண். பையில் 64 என்று சரியாக வருகிறது. மேக்கில் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பெரிய எண். பெயரும் அடிக்கோடும் சரி, அழைப்பும் போகிறது.

திண்ணை64

இது மேக்ரோவால் தீராத இடம். லினக்ஸில் பிரிண்ட்எஃப் மாதிரி ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை வரையறுக்காத ஃபங்ஷனுக்கும் மதிப்புகள் ரெஜிஸ்டர் வழியாகவே போகும். ஆப்பிளின் ஏஆர்எம்64-இல் முன்னறிவிப்பில் மூன்று புள்ளி (...) நிற்கும் இடத்துக்கு வரும் மதிப்புகள் எல்லாமே ஸ்டாக்கில்தான் போக வேண்டும், 8 பைட் இடத்துக்கு ஒன்றாக. உங்கள் 64 டபிள்யூ1-இல் பத்திரமாக இருக்கிறது. பிரிண்ட்எஃப் ஸ்டாக்கில் தேடி அங்கே கிடந்ததை அச்சிடுகிறது. ஸ்டாக்கில் 16 பைட் ஒதுக்கி (எஸ்பி எப்போதும் 16-இன் மடங்கில் நிற்க வேண்டும்) எண்ணை அங்கே வைத்து அழையுங்கள். அதைவிட நல்லது, சி-யில் ஒரே ஒரு இன்ட் வாங்கி அச்சிடும் சின்ன ஃபங்ஷன் எழுதி அதை அழைப்பது. அப்போது இந்த வேறுபாட்டைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

கூடவே எக்ஸ்18-ஐத் தேடிப் பாருங்கள். லினக்ஸில் அதைத் தற்காலிக ரெஜிஸ்டராக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆப்பிளில் அது இயங்குதளத்துக்கு ஒதுக்கப்பட்டது, தொடவே கூடாது. வி8 முதல் வி15 வரை பயன்படுத்தினால் அவற்றின் கீழ் 64 பிட்டைக் காப்பாற்றித் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு கேள்வி: இந்த லூப்புக்கு அசெம்பிளிதான் வேண்டுமா? சி-யிலேயே நியான் இன்ட்ரின்சிக் (நியான் கட்டளைகளாக நேராக மாறும் சி ஃபங்ஷன்கள்) எழுதினால் பெயர், செக்‌ஷன், அழைப்பு முறை எதுவுமே உங்கள் தலைவலி இல்லை.

வைகை_பிட்

திண்ணை சொல்வது நியாயம். எஃப்ஐஆர் மாதிரி நேரான பெருக்கிக் கூட்டும் லூப்புக்கு நானும் முதலில் இன்ட்ரின்சிக்கில் எழுதி, இரண்டு கம்பைலரிலும் நேரத்தை அளந்து பார்ப்பேன். ரெஜிஸ்டர்கள் ஸ்டாக்குக்கும் உள்ளுக்குமாக அலைந்தால் மட்டும் அசெம்பிளி. நிரலன் ஏற்கெனவே ஓடும் அசெம்பிளி வைத்திருக்கிறார். அதை வைத்துக்கொள்ளட்டும், பக்கத்தில் இன்ட்ரின்சிக் வடிவம் ஒன்றையும் எழுதி இரண்டின் விடையையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் தலைப்புக் கோப்பின் எல்லையை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பெயர், செக்‌ஷன், முகவரி: இவை வெறும் எழுத்து வேறுபாடு, மேக்ரோ மறைக்கலாம். எந்த ரெஜிஸ்டரில் எது வருகிறது என்பதை மறைக்க ஆரம்பித்தால் அது வேறு வேலை. எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடரின் எக்ஸ்86ஐஎன்சி மேக்ரோ கோப்பு அதைச் செய்கிறது: ஃபங்ஷனைத் தொடங்கும்போதே எத்தனை ஆர்க்யூமென்ட், எத்தனை எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் என்று சொல்லிவிட வேண்டும். ஆர்0, ஆர்1 என்ற பெயர்களை லினக்ஸில் ஒரு விதமாகவும் விண்டோஸில் வேறு விதமாகவும் அது பொருத்திக்கொள்ளும். விண்டோஸில் எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரை அழைக்கப்பட்டவரே காக்க வேண்டும் என்பதால் அதையும் சேமித்துக் கொடுக்கும். அவர்களிடம் அப்படிப்பட்ட ஃபங்ஷன்கள் ஏராளம், அந்த உழைப்பு தகும். உங்களிடம் இருப்பது ஒன்று.

மெல்லிசை_நிரலன்

பிரிண்ட்எஃப் சரியாகிவிட்டது திண்ணை, சி-யில் சின்ன ஃபங்ஷனாகவே வைத்துவிட்டேன். இன்ட்ரின்சிக் வடிவத்தையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எக்ஸ்86-64-க்குத் தனிக் கோப்பாக ஒன்று எழுதப் போகிறேன், லினக்ஸ் மடிக்கணினிக்கும் விண்டோஸுக்கும். அதில் முதலில் எதில் தடுக்கும்?

திண்ணை64

லினக்ஸில் கோப்பின் கடைசியில் .நோட்.ஜிஎன்யூ-ஸ்டாக் என்ற வெற்று செக்‌ஷன் ஒன்று வையுங்கள், இஎல்எஃப் என்றால் மட்டும். அது இல்லாத ஒரே ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு உள்ளே வந்தாலும் லிங்கர் முழு நிரலின் ஸ்டாக்கையும் இயக்கக்கூடியதாக மாற்றிவிடும். பின்யூட்டில்ஸ் (லிங்கர் உள்ள தொகுப்பு) 2.39-இலிருந்து எச்சரிக்கையாவது வருகிறது. அதற்கு முன்னால் சத்தமே இருக்காது.

விண்டோஸுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மிங்டபிள்யூ ஜிசிசி-யோ (விண்டோஸுக்கான ஜிசிசி) கிளாங்கோ பயன்படுத்தினால், சி பக்கம் அந்த ஃபங்ஷனின் முன்னறிவிப்பில் சிஸ்வி_ஏபிஐ என்ற ஆட்ரிபியூட்டைப் போடுங்கள். கம்பைலர் லினக்ஸ் முறைப்படியே ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ என்று நிரப்பி அழைக்கும், எக்ஸ்எம்எம் சேமிப்பையும் தானே செய்துகொள்ளும். அசெம்பிளியில் ஒரு வரி மாற்ற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் மட்டும் இது செல்லாது. அங்கே ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்று தொடங்கும் இன்னொரு நுழைவாயில் எழுதித்தான் ஆக வேண்டும்.