சீகேட் 7200.11: பயோஸுக்குத் தெரியாத டிஸ்க்கை டிடிஎல் அடாப்டர் வைத்து எழுப்புவது

டிஸ்க் சீராகச் சுற்றுகிறது, ஆனால் பயோஸில் வரவில்லை, ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்) எஸ்டி15. அப்படியானால் முதல் சந்தேகம் பிஸி லாக்தான், அதாவது டிஸ்க் 'பிஸி' நிலையிலேயே பூட்டிக்கொள்வது. உள்ளே இருக்கும் நிகழ்வுப் பதிவேடு (ஈவென்ட் லாக்) 320-ஆவது பதிவில் நிற்கும் நேரம் பார்த்து பவர் ஆஃப் ஆகி ஆன் ஆனால், ஃபர்ம்வேர் எழும்போதே முடங்கிவிடும். 2009 ஜனவரியில் சீகேட்டே ஒப்புக்கொண்ட பிழை இது. டேட்டா பிளேட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அது ஹெட் கோளாறு, இந்த வைத்தியம் வேண்டாம்.

கணினியை டிஸ்க்கின் சீரியல் பின்களோடு இணைக்கும் அடாப்டர் 3.3 வோல்ட் டிடிஎல் (குறைந்த வோல்டேஜ் சிக்னல்) ஆக இருக்க வேண்டும். பழைய காம் போர்ட்டிலிருந்து நேரடியாக வயர் இழுத்தால் அந்த வோல்டேஜில் போர்டு போய்விடும். முதலில் அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும் வயர்), ஆர்எக்ஸ் (பெறும் வயர்) இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, கணினியில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து டைப் செய்து பாருங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் அடாப்டர் சரி. பிறகு சாட்டா சாக்கெட்டை ஒட்டிய 4 ஜம்பர் பின்களில், சாக்கெட்டுக்குப் பக்கத்து இரண்டில் அவற்றை மாட்டுங்கள். கிரவுண்டை எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளையின்) கறுப்பு வயரோடு சேருங்கள். அடாப்டரின் 5 வோல்ட் வயரைத் தொடவே வேண்டாம், சாட்டா டேட்டா கேபிளும் வேண்டாம். டெர்மினலில் வேகம் 38400, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. பதிலே வராவிட்டால் டிஎக்ஸ், ஆர்எக்ஸை மாற்றிப் போடுங்கள்.

* * *

இதோடு ஒன்று சேர்க்கிறேன். அப்படியே பவர் கொடுத்தால் திரையில் 'எல்இடி: 000000சிசி' என்றுதான் ஓடும், கமாண்ட் எதையும் ஏற்காது. டி6 டார்க்ஸால் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, மோட்டார் கான்டாக்டுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டுப் பவர் கொடுங்கள். அரை நிமிடம் விட்டு கன்ட்ரோல்+இசட் அடித்தால் 'எஃப்3 டி>' வரும். /2 கொடுத்து, பெரிய இசட் (கேபிடல் எழுத்து). 'ஸ்பின் டவுன் கம்ப்ளீட்' வந்ததும் பவரை அணைக்காமலேயே கார்டை உருவி, ஸ்க்ரூக்களை ஒரே சீராக முடுக்குங்கள். டார்க்ஸ் முனை வழுக்கிப் போர்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும், நிதானம் தேவை. பிறகு பெரிய யு. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும். /1 கொடுத்து, பெரிய என் 1. ஸ்மார்ட் பதிவுகள் (டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்புகள்) அழியும். பவரை அணைத்துப் பத்து நொடி விடுங்கள்.

* * *

கடைசிக் கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மறுபடி பவர், கன்ட்ரோல்+இசட், அப்புறம் சிறிய எம், அதை ஒட்டியே 0,2,2,0,0,0,0,22. கமாவோ பூஜ்யமோ ஒன்று விட்டுப்போனாலும் டேட்டா அழிய வாய்ப்புண்டு. என்டர் தட்டும் முன் எண்ணிப் பாருங்கள். 'யூசர் பார்ட்டிஷன் ஃபார்மட் சக்சஸ்ஃபுல்' என்று வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். முகவரி அட்டவணை மட்டுமே புதிதாகக் கட்டப்படுகிறது, உங்கள் ஃபைல்களை அது தொடாது. அந்த வரி வரும்வரை பவரைத் தொடாதீர்கள். பயோஸில் டிஸ்க் தெரிந்தும் கொள்ளளவு 0 என்று காட்டினால் கார்டு வேலை எதுவும் வேண்டாம், இந்த ஒரு கமாண்டே போதும். சிலர் கூடவே கொடுக்கச் சொல்லும் ஜி-லிஸ்ட் (பழுதான செக்டர்களின் பட்டியல்) அழிப்பைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களில் இருக்கும் டேட்டா கைக்கு வராமல் போகும்.

டிஸ்க் தெரிந்தவுடன் முதலில் முழுவதையும் வேறொன்றில் காப்பி எடுங்கள். எஸ்டி1ஏ என்ற திருத்திய ஃபர்ம்வேர் ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏற்றாமல் விட்டால் இதே பூட்டு மறுபடியும் விழலாம்.