இரண்டு டேப், 22 பிள்ளைகள்: என்ன செயலி போடலாம்?

ஈராசிரியர்_பள்ளி:
1, 2 வகுப்புகள் என்னிடம், 3 முதல் 5 வரை தலைமை ஆசிரியரிடம். முன்னாள் மாணவர் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது பள்ளிக்கு இரண்டு ஆண்ட்ராய்டு டேப் வாங்கிக் கொடுத்தார். சந்தோஷம்தான். ஆனால் பிளே ஸ்டோரில் 'தமிழ் எழுத்து' என்று தேடினால் வந்து கொட்டுவதைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. எல்லாவற்றிலும் அதே யானை, அதே கைதட்டல். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், 'க' எழுதி முடித்ததும் ரம்மி விளம்பரம் வந்து நின்றது.

நெட் என்றால் பெரும்பாலும் என் போன் ஹாட்ஸ்பாட்தான். பிள்ளைகள் 22 பேர். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் மூன்றரை வயதுக் குட்டி ஒன்றும் உண்டு. எதைப் போடுவது, எப்படிக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்_சார்:
டீச்சர், எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டு நீங்களே கொஞ்ச நேரம் விளையாடுங்கள். நெட் இல்லாமல் ஓடாதது உங்கள் பள்ளிக்கு ஆகாது. பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே 'விளம்பரங்கள் உள்ளன' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்தாலே அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அப்புறம் குரலைக் கவனியுங்கள். வால், வாள், வாழை மூன்றையும் ஒரே மாதிரி சொல்கிற செயலிகள் நிறைய. பிஞ்சிலேயே அது காதில் ஏறிவிட்டால் பிறகு நாம்தான் மல்லுக்கட்ட வேண்டும். எழுத்துப் பயிற்சிச் செயலிகள் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. 'ண'வை எந்த மூலையில் தொடங்கித் தேய்த்தாலும் நட்சத்திரம் கொட்டும். நோட்டைக் கொடுத்தால் பென்சில் நகராது. எழுத்து வடிவத்துக்கு மணலும் சிலேட்டும் போதும்.

சிலேட்டால் முடியாததற்குத்தான் டேப். என் கணக்கில் அதில் முதல் இடம் வாய்ஸ் ரெக்கார்டருக்கு. டேப்பிலேயே இருக்கிறதா பாருங்கள். பிள்ளை ஒரு பத்தி வாசித்துப் பதிவு செய்யட்டும், தானே போட்டுக் கேட்கட்டும். எழுத்துக்கூட்டி இழுத்து இழுத்து வாசிக்கும் ஒரு பையன் தன் குரலைக் கேட்டுவிட்டு, "சார், இன்னொரு தடவை" என்றான். நான் கேட்டிருந்தால் வயிற்று வலி வந்திருக்கும் அவனுக்கு. அடுத்தது கேமரா. 'ப'வில் தொடங்குவதைப் படம் எடுத்து வாருங்கள் என்றேன். பம்பு, பாய், பானை வந்தன. ஒருத்தி சத்துணவு சமைக்கும் பாட்டியையே எடுத்து வந்துவிட்டாள்.

கதைக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம். தமிழ்க் கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் பிடிஎஃப் இறக்கி டேப்பில் வைக்கலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். சில மொழிபெயர்ப்புகள் வறட்டுத் தமிழில் இருக்கும், படித்துப் பார்த்துப் பொறுக்குங்கள். புதிர், எண் விளையாட்டுக்கு ஜிகாம்ப்ரிஸ். இலவசம், விளம்பரம் கிடையாது. நூற்றுக்கு மேல் பயிற்சிகள் உள்ளே இருக்கின்றன, அத்தனையையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள்.

கொடுக்கும் விதம்தான் பெரிய விஷயம். எண்ணும் எழுத்தும் (தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பில் பிள்ளைகளின் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தானே நடத்துகிறீர்கள்? ஒரு குழு உங்களோடு, ஒன்று பயிற்சி நூலோடு, இன்னொன்று டேப்போடு. டேப்புக்கு மூன்று நான்கு பேர். ஒருவர் தொட வேண்டும், மற்றவர்கள் எதைத் தொடுவது என்று சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் இருக்கும் அரும்புப் பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கும் ஆசை வரும், சத்தம் போட மாட்டார்கள் பாருங்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அவர்களுக்குத்தான் நீங்கள் பக்கத்தில் வேண்டும்.

குட்டிக்குக் களிமண் போதும். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்திருக்கும்.

செல்_சர்வீஸ்:
நான் ஆசிரியர் இல்லை, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டீச்சர், டேப்பில் உங்கள் சொந்த ஜிமெயிலைப் போடாதீர்கள், பள்ளிக்கென்று புதிதாக ஒன்று திறங்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று தேடி, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வைத்தால் பிள்ளைகள் திறந்த செயலியை விட்டு யூடியூப் பக்கம் போக முடியாது. கெட்டியான ரப்பர் உறை வாங்குங்கள். உடைந்த டிஸ்பிளே மாற்றும் காசுக்குப் பழைய டேப் ஒன்றே வாங்கிவிடலாம்.

யுகேஜி_மிஸ்:
சார் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை. ஆங்கிலம் காதில் விழாத வீட்டுப் பிள்ளைகளுக்கு கான் அகாடமி கிட்ஸ் நல்ல உதவி. 2 முதல் 8 வயதுக்கானது, இலவசம், விளம்பரமும் இல்லை. ஸ்கிராட்ச்ஜூனியரும் பாருங்கள். படக் கட்டைகளைக் கோத்துப் பூனையை நடக்க வைப்பது, 5 முதல் 7 வயதுக்கு. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் செய்யும்.

சாக்பீஸ்_சார்:
பூனைக்குச் சரி, மிஸ். அதில் பிள்ளை தன் குரலையும் பதிவு செய்யலாம், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆங்கிலச் செயலி என்றால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து தமிழில் பேசிக்கொண்டே பார்க்க வேண்டும். இல்லையென்றால் விடை தெரியும் வரை எல்லாப் பொத்தானையும் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஈராசிரியர்_பள்ளி:
எல்லோருக்கும் நன்றி. ரெக்கார்டரும் ஸ்டோரிவீவரும் முதலில், மற்றவை அடுத்த பருவத்தில். ஒரு சந்தேகம் சார்: ஒரே அறையில் இரண்டு வகுப்பு. இந்தச் சத்தத்தில் பதிவு எப்படிக் கேட்கும்? ஹெட்போன் வாங்கலாமா?

சாக்பீஸ்_சார்:
வேண்டாம் டீச்சர், ஹெட்போன் போட்டால் மூன்று பேர் சேர்ந்து கேட்க முடியாது. வராண்டா மூலைக்கு அனுப்புங்கள், உங்கள் கண்ணில் படும் இடமாக. மைக் ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள், சரியாக அதைத்தான் விரலால் மூடிக்கொள்வார்கள்.