வாரம் இரண்டு மதியம் ஆத்தாவோடு இருக்க ஆள் தேவை

காரைக்குடி பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி. ஆத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை கீமோவுக்கு மதுரை போய் வருகிறோம். தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது என்பதால் பின்கட்டில் அடுப்பு வைத்துச் சமைக்கிறேன். நான் அழுவதும் அங்கேதான். பார்க்க வருகிற ஆச்சிமார் "ஆத்தா சாப்பிட்டாகளா?" என்பார்கள், என்னைக் கேட்பதில்லை. (குறை சொல்லவில்லை, எனக்கே அது உறைக்க நாளாயிற்று.) போன வாரம் காய்ச்சல் 100.4ஐத் தாண்டியபோது கை நடுங்கிவிட்டது. அப்புறம் ஒரு ராத்திரி டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து பேசினேன், பாரம் கொஞ்சம் இறங்கியது.

இப்போது எனக்குத் தூக்கம் வேண்டும். வாரம் இரண்டு மதியம் ஆத்தாவோடு இருக்க நம்பகமான அக்கா யாராவது தெரியுமா? சம்பளம் தருகிறோம். ஆத்தாவுக்கு ரத்தத்தில் வெள்ளணு குறைவு, தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் சளி இருமல் இருந்தால் அன்றைக்கு வர வேண்டாம். வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள், பேச வேண்டும்போல இருக்கிறது.