புதுப்பிப்பு: உளுந்தைப் பிடுங்கிவிட்டேன்

கொஞ்ச நாள் முன்னால் கேட்டிருந்தேனே, தோவாளைப் பக்கம் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்த வயலில் மிச்ச ஈரத்தை நம்பி விதைத்த உளுந்து, முக்கால்வாசி நெற்று (முற்றிய காய்) கறுத்துவிட்டது, சாயங்காலமானால் மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, பிடுங்கவா பொறுக்கவா என்று. பாதிப் பேர் பொறு என்றீர்கள். நான் பொறுக்கவில்லை.

விடியற்காலையிலேயே ஆளை இறக்கினேன், பனி ஈரம் இருக்கும்போது பிடுங்கினால்தான் நெற்று வெடித்துச் சிதறாது. பத்து மணிக்கு மேல் தொட்டால் பாதி உளுந்து மண்ணுக்குத்தான். மறுநாள் மழையும் வந்தது, தார்ப்பாய் போட்டு மூடினேன், அங்கேதான் தப்பு செய்தேன்: மழை விட்டதும் திறக்காமல் ராத்திரி முழுக்க அப்படியே விட்டதில் குவியலின் அடி வேர்த்துப்போய் இரண்டு மூன்று கூடை நெற்றில் பூசணம். அதைத் தனியாக எடுத்து வீசிவிட்டேன், மாட்டுக்குக்கூட வைக்கவில்லை.

அப்புறம் மூன்று நாள் நல்ல வெயில், மெல்லிசாகப் பரப்பி மணிக்கொரு தரம் கிளறல். கம்பால் அடித்தோம். டிராக்டர் ஏற்றலாம் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார், ரொம்பக் காய்ந்த உளுந்து அதில் உடையும், வேண்டாம் என்றேன். சுளவில் புடைத்தது அம்மா.

ஈரம் பார்க்க நம்ம வீட்டு வழிதான், காய்ந்த பாட்டிலில் உளுந்தும் தூள் உப்பும் போட்டுக் குலுக்கினேன். முதல் நாள் உப்பு கண்ணாடியில் ஒட்டியது, அப்படியென்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மூன்றாம் நாள் ஒட்டவில்லை, ஆனாலும் விதைக்கு வைப்பதை இன்னும் ஒரு நாள் காய வைத்தேன். பயறு வண்டு வயலிலேயே நெற்றில் முட்டை வைத்துவிடும், அதனால் மூட்டையை வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். இதுவரை உளுந்தில் ஓட்டை விழவில்லை.