மெக்பெத் மேடையேற்றம்: எந்தக் குறியீட்டை வைப்பது, எதை விடுவது?

கோரையாறு:

தோழர்களே, பங்குனியில் மன்னார்குடி பக்கம் ஒரு கோயில் திடலில் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’தைத் தமிழில் போடுகிறோம். மேடை 24 அடிக்கு 18 அடி, நேரம் ஒன்றரை மணி, நடிகர்கள் 10 பேர். பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் சம்பா அறுவடை முடித்த விவசாயிகள். ரத்தம், தண்ணீர், தூக்கம், இருட்டு, உடை, பறவை என்று எல்லாவற்றையும் காட்டப் போய், ஒத்திகையில் ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம்? அதைக் கையில் பிடிக்கிற பொருளாக எப்படிக் காட்டுவது? நேரம் போதாமல் வாயிற்காவலன் காட்சியை வெட்டியிருக்கிறோம்.

குடமுருட்டி:

முதலில் வாயிற்காவலனைத் திரும்பக் கூப்பிடுங்கள். 2-ஆம் அங்கம் 2-ஆம் காட்சி (2:2) முடியும்போது, மன்னன் டங்கனைக் கொன்ற மெக்பெத் ரத்தக் கையோடு உள்ளே போகிறான். அடுத்த காட்சியில் கழுவிய கையோடு, படுக்கையிலிருந்து எழுந்தவன் மாதிரி வரவேண்டும். இடையில் அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தக் குடிகாரன் பேச்சுதான். அதை எடுத்துவிட்டால் நடிகர் சிவந்த நகத்தோடு வந்து நிற்பார். மூன்று நிமிடமாவது விடுங்கள்.

கதவு தட்டும் சத்தமும் அங்கேதான் இருக்கிறது. கத்திகளைத் திரும்ப வைக்க மனைவி போன பிறகு, மெக்பெத் தனியாக நிற்கும்போது முதல் தட்டு விழவேண்டும். ஸ்பீக்கரில் போடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒலித்தால் கதவு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. மேடைக்குப் பின்னால் பலகையில் கட்டையால் அடித்தால் போதும். 5:1-இல் தூக்கத்தில் நடக்கிற அந்த மனைவி, லேடி மெக்பெத், யாரோ வாசலைத் தட்டுவதாகச் சொல்வாள். அப்போது சத்தமே வரக்கூடாது. அது அவளுக்கு மட்டும் கேட்பது.

ரத்தத்தை எல்லாக் காட்சியிலும் ஒரே மாதிரி பூசுவதால்தான் அது நிற்கவில்லை. 1:2-இல் காயத்தோடு வரும் படைவீரனைப் பார்த்து டங்கன் பெருமைப்படுகிறான். அங்கே ரத்தம் மானம். 2:2-இல் அதுவே குற்றம். 3:4-இல் மெக்பெத் தான் ரத்த ஆற்றில் பாதி தூரம் இறங்கிவிட்டதாகவும், திரும்புவதும் கடப்பதும் ஒன்றுதான் என்றும் சொல்கிறான், பழகிவிட்டது. 5:1-இல் அவள் கையில் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. பலர் அங்கே சாயத்தைப் பூசிக் கெடுக்கிறார்கள். இல்லாத கறையைத் தேய்ப்பதுதான் அந்தக் காட்சியின் பயங்கரமே. கால் மணி நேரம் தேய்ப்பாள் என்று தாதி சொல்லும்போது, மேடையில் அரை நிமிடமாவது வசனமில்லாமல் தேய்க்க விடுங்கள்.

தண்ணீருக்கு ஒரு பித்தளைச் செம்பு போதும். 2:2-இல் கொஞ்சம் தண்ணீர் போதும் என்று அவள் சொல்லும்போது அது கண்ணில் படும்படி இருக்கட்டும். கடலே சிவந்துபோகும் என்று அவன் சற்று முன்தான் சொல்லியிருப்பான். 5:1-இல் செம்பு கிடையாது.

சர்க்கரைப் பாகில் ரத்தம் செய்யாதீர்கள். திடலில் எறும்பும் ஈயும் மொய்க்கும், பலகை பிசுபிசுத்துக் கால் ஒட்டும். 200 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி சிவப்பு உணவுச் சாயமும் கால் தேக்கரண்டி கோகோ தூளும் கலக்குங்கள். கோகோ இல்லாவிட்டால் ரோஸ் மில்க் நிறம் வரும். பாத்திரம் துலக்கும் திரவம் நாலு சொட்டு விட்டால் வேட்டியில் பட்டது சுலபமாகப் போகும். வாயில் மட்டும் படக்கூடாது. துணி ஓரத்தில் முந்தின நாளே சோதித்துவிடுங்கள். இரவுக் காட்சி என்று நீல விளக்கை மட்டும் போட்டால் ரத்தம் கறுப்பாகத் தெரியும். கைக்கு நேராக ஒரு வெள்ளை விளக்கு வேண்டும்.

வெண்ணாறு:

பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உங்கள் பார்வையாளர்களுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்பேன்: விதையும் பயிரும்.

1:3-இல் மெக்பெத்தின் சக தளபதி பாங்கோ சூனியக்காரிகளிடம், காலத்தின் விதைகளில் எந்த மணி முளைக்கும், எது முளைக்காது என்று உங்களுக்குத் தெரியுமானால் சொல்லுங்கள் என்கிறான். 1:4-இல் டங்கன் மெக்பெத்திடம், உன்னை நட ஆரம்பித்துவிட்டேன், நீ செழித்து வளர உழைப்பேன் என்கிறான். அடுத்து பாங்கோ, உங்கள் மண்ணில் நான் வளர்ந்தால் அறுவடை உங்களுக்கே என்று பதில் சொல்கிறான். நட்டவனையே மெக்பெத் வெட்டுகிறான். 3:1-இல் தன் தலையில் இருப்பது காய்க்காத கிரீடம், தன் கொலைகளெல்லாம் பாங்கோவின் வித்துக்காகத்தான் என்று குமைகிறான். 4:1-இல் கையில் மரம் ஏந்திய குழந்தை தோன்றுகிறது. 5:2-இல் மெக்பெத்தை எதிர்க்கும் பிரபுக்கள், மன்னன் என்னும் பூவுக்கு நீர் விட்டுக் களைகளை மூழ்கடிப்போம் என்கிறார்கள், 5:3-இல் மெக்பெத் தன் வாழ்வு பழுத்த இலையாகிவிட்டது என்கிறான், கடைசியில் டங்கனின் மகன் மால்கம் புதிதாக நடவேண்டியவற்றைப் பற்றிப் பேசி முடிக்கிறான். ஒன்றரை மணி நேர வடிவங்களில் முதலில் வெட்டுப்படுவது மால்கமின் அந்தப் பேச்சுதான். வெட்டாதீர்கள்; நடவு அங்கேதான் திரும்புகிறது.

காட்ட ஒரே பொருள் போதும், ஒரு கைப்பிடி விதைநெல். டங்கன் 1:4-இல் அதை மெக்பெத் கையில் கொடுக்கட்டும். 3:1-இல் தனியாகப் பேசும்போது மெக்பெத் அதைப் பலகையில் சிதறவிடட்டும். சாகுபடி செய்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் மரப் பலகையில் நெல் கிடந்தால் வாள் சண்டையில் வழுக்கும். 3:1 முடிந்ததும் வேலையாள் வேடத்தில் ஒருவர் பெருக்கிவிட வேண்டும்.

மால்கமின் படை மறைவுக்காக ஏந்திவரும் பிர்னாம் காட்டுக் கிளைகளுக்கு வேப்பிலை வேண்டவே வேண்டாம். நம் ஊரில் வேப்பங்கொத்தோடு வரிசையாக நடந்தால் எல்லோருக்கும் மாரியம்மன் திருவிழாதான் நினைவுக்கு வரும், பகை வருகிறது என்ற எண்ணம் போய்விடும். வாய்க்கால் கரைப் பூவரசு நல்லது. அகல இலை, முகம் மறையும். நாலடிக் கிளைகள், ஆளுக்கு ஒன்று. மாலையில் வெட்டி அடியை வாளித் தண்ணீரில் வைத்திருங்கள். காலையில் வெட்டினால் 5-ஆம் அங்கத்துக்குள் துவண்டு தொங்கும்.

அரசலாறு:

மேலே இருவரும் சொன்னதோடு ஒரு விளக்கைச் சேருங்கள், போதும். 1:4-இல் மெக்பெத் நட்சத்திரங்களை ஒளிந்துகொள்ளச் சொல்கிறான். 3:2-இல் இரவை அழைக்கிறான். அவன் கேட்ட இருட்டே 3:3-இல் அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. பந்தம் அணைந்ததால்தான் பாங்கோவின் மகன் ஃப்ளீன்ஸ் தப்புகிறான். விளக்கை அணைத்தது யார் என்று கொலைகாரர்களே ஒருவரையொருவர் கேட்கிறார்கள். 2:1-இலும் பந்தம் பிடித்து வருவது அதே பையன்தான். பின்பு 5:1-இல் லேடி மெக்பெத் விளக்கில்லாமல் இருப்பதில்லை, 5:5-இல் வாழ்க்கையே அணையும் மெழுகுவர்த்தி. ஆகவே நான்கு இடத்திலும் ஒரே விளக்கு வரட்டும்.

நிஜப் பந்தம் வேண்டாம். அறுவடை முடிந்த பருவம், பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கும். மெழுகுவர்த்தி காற்றில் 2:1-லேயே அணைந்துவிடும். கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கு சரி. திரியை இறக்கினால் உடனே இருட்டாகாது, வசனம் முந்திவிடும். அதனால் உள்ளே பேட்டரி பல்பு வைத்துக் கைப்பிடியில் சுவிட்சு பொருத்துங்கள். அதே நொடியில் மேடை விளக்கும் இறங்கவேண்டும்.

பறவைகளில் 2:2-இன் ஆந்தை அலறல் மட்டும் போதும், ஒரே ஒரு தடவை. உடைக்கு 5:3. இன்னும் தேவையில்லை என்று பணியாள் சீட்டன் சொல்லியும் மெக்பெத் கவசத்தை மாட்டச் சொல்கிறான், பிறகு கழற்று என்கிறான். அது அவனுக்குப் பொருந்தாதது தெரியும்படி கவசத்தைத் தோளில் இரண்டு விரற்கடை அகலமாகத் தையுங்கள்.

கோரையாறு:

நன்றி தோழர்களே. வாயிற்காவலனைச் சேர்த்தால் 4:3-இல் குறைக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

குடமுருட்டி:

மால்கம் தன்னைத்தானே கெட்டவன் என்று சொல்லி, மெக்பெத்தை எதிர்க்கும் பிரபு மெக்டஃபைச் சோதிக்கும் நீண்ட பகுதியை நாலைந்து வரியாக்குங்கள். நாடே ரத்தம் சிந்துகிறது, தினமும் புதுக் காயம் படுகிறது என்ற வரி இருக்கட்டும். மெக்டஃபின் மனைவி மக்கள் கொல்லப்பட்ட சேதியை ராஸ் கொண்டுவந்த பிறகு ஒரு சொல்லும் எடுக்கக்கூடாது. பருந்து ஒரே பாய்ச்சலில் தாயையும் குஞ்சுகளையும் கொண்டுபோனதாக மெக்டஃப் சொல்லும் இடம் அங்கே இருக்கிறது. அதற்கு முன் அவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுப் பேசாமல் நிற்கவேண்டும். தொப்பி உங்கள் உடையமைப்பில் இல்லையென்றால் துண்டால் மூடச் சொல்லுங்கள்.