செகண்ட் ஹேண்ட்ல வந்த பழைய ரிவால்வருக்கு கம்பெனி சர்வீஸ் பண்ணுமா?

கேட்டி_முருகன்:
எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கத்துல கேட்டில இருக்கேன், போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் வந்துச்சு. கூட வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் ரிட்டயர் ஆகி வீட்டை காலி பண்றப்ப அவர்கிட்ட இருந்த ரூகர் கம்பெனியோட சிங்கிள் சிக்ஸ் ரிவால்வரை எனக்கு வித்தார், பாயின்ட் 22ங்கற சின்ன தோட்டாதான், ரெண்டு பேரும் டெக்சாஸ்தான், நேரா கைமாத்திக்கலாம்னாலும் எனக்கு மனசு கேக்கல, கடை மூலமாவே பேப்பர் போட்டு மாத்திக்கிட்டோம். பெட்டி இல்ல, பில் இல்ல, அவரே அவர் மச்சான்கிட்ட வாங்குனதாம், அப்ப நான் மூணாவது ஆள். துப்பாக்கி நல்லாத்தான் சுடுது. ஆனா ரேஞ்சுல ஒருத்தர் பாத்துட்டு "இது பழைய மாடல், ஆறு தோட்டா போடாத, அஞ்சு மட்டும் போடு"ன்னு சொல்லிட்டு போயிட்டார், அன்னைலேர்ந்து அதை தொடவே பயமா இருக்கு, வீட்ல சின்ன பொண்ணு வேற இருக்கா. பில்லே இல்லாத என்னை மாதிரி ஆளுக்கு கம்பெனி எதாச்சும் பண்ணுமா? கேட்டா திருட்டு பொருள்னு நினைப்பாங்களோன்னும் ஒரு யோசனை.

டல்லாஸ்_பாலு:
தம்பி, ரேஞ்சுல சொன்னவர் உங்களுக்கு பெரிய உதவி பண்ணிருக்கார். ஃபிரேமோட பக்கவாட்டுல பாருங்க, மூணு ஸ்க்ரூ இருந்தா பழைய மாடல், ரெண்டு பின் இருந்தா 1973லேர்ந்து வந்த நியூ மாடல். பழசுல ஹேமர், அதான் பின்னாடி இருக்கற சுத்தி, முழுசா கீழ இருக்கும்போது அது நேரா தோட்டாவ தட்டி வெடிக்கவைக்கற ஃபயரிங் பின் மேலயே உக்காந்திருக்கும், அந்த பின்னுக்கு அந்தப்பக்கம் தோட்டா. துப்பாக்கி கைதவறி ஹேமர் தரைல படுற மாதிரி விழுந்தா டிரிக்கரை யாரும் தொடாமலேயே வெடிச்சிரும், இப்படி ஆளுங்க செத்தும் காயம்பட்டும் இருக்காங்க. அதனாலதான் ஒரு அறையை காலியா விட்டு ஹேமரை அதுமேல இறக்கி வைக்கிறது. நியூ மாடல்ல டிரான்ஸ்ஃபர் பார்னு ஒரு சின்ன தகடு, டிரிக்கரை இழுத்தா மட்டும் மேல ஏறி ஹேமருக்கும் பின்னுக்கும் நடுவுல வரும், இழுக்கலேன்னா ஹேமர் அடி பின்னை சேராது.

இப்ப உங்க கேள்வி. 1953லேர்ந்து 1972 வரைக்கும் செஞ்ச அந்த சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு தடவையும் ஹேமரை கையால பின்னுக்கு இழுக்கற) ரிவால்வர் எல்லாத்துக்கும் ரூகர் அந்த பாரை ஃப்ரீயா மாட்டித் தருது, 1982லேர்ந்து. முதல் ஓனரா, அஞ்சாவது ஓனரான்னு கணக்கு இல்ல. ஆனா பார்ட்ஸை தனியா அனுப்ப மாட்டாங்க, துப்பாக்கியே ஃபேக்டரிக்கு போகணும். சீரியல் நம்பரை கைல வச்சுக்கிட்டு போன் போடுங்க, மூணாவது ஆள்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பயப்படாதீங்க. அதுவரைக்கும் அஞ்சுதான். பொண்ணு இருக்கற வீடு, அதை பூட்டியும் வைங்க.

அரிசோனா_செல்வம்:
பாலு அண்ணன் சொன்னது இந்த ஒரு ரிவால்வருக்கு சரி, ஆனா எல்லா கம்பெனியும் அப்படித்தான்னு யாரும் நினைச்சிராதீங்க. நான் இதுல அடிபட்டவன். கன் ஷோல ஒரு பிஸ்டல் வாங்குனேன், லைஃப்டைம் வாரன்டின்னு வித்தவன் அடிச்சு சொன்னான், ஆறு மாசத்துல சுட்ட தோட்டா கூட்டை வெளிய இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் ஒடஞ்சுது, கம்பெனில கேட்டா லைஃப்டைம்ங்கறது முதல்ல வாங்குனவரோட லைஃப்டைம், பில் இருக்கான்னாங்க. கைக்காசு போட்டுத்தான் சரி பண்ணேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிக் சாவர் ரெண்டுலயும் வாரன்டி எழுத்துலயே முதல் ஓனருக்குன்னுதான் இருக்கு. நேர்மாறா ஹை பாயின்ட்னு வெலை கம்மியான பிராண்டு, யார் கைல இருந்தாலும் வாரன்டி உண்டுங்கறாங்க. ரூகர் ரொம்ப வருஷமா எழுத்து வாரன்டியே குடுக்கல, 1975ல வந்த மாக்னசன் மாஸ் சட்டப்படி எழுதிக் குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, எழுதிக் குடுத்தா என்னென்ன சொல்லணும்ங்கறதுதான் அந்த சட்டம். ஆக வாங்கறதுக்கு முன்னாடியே அந்த கம்பெனியோட வாரன்டி பக்கத்துல "முதல் வாங்குநர்"ங்கற வார்த்தை இருக்கான்னு தேடிப் பாருங்க, விக்கறவன் வாய் வார்த்தை வேணாம்.

பழசு_சேக்கறவன்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். மாத்தாத மூணு ஸ்க்ரூ துப்பாக்கிக்கு சேகரிக்கறவங்ககிட்ட நல்ல வெலை இருக்கு, அந்த பாரை போட்டா டிரிக்கர் பழைய மாதிரி சுகமாவும் இருக்காது. அஞ்சு போட்டு பழகுனா போதுமே, அம்பது வருஷமா ஜனங்க அப்படித்தான வச்சிருந்தாங்க.

டல்லாஸ்_பாலு:
நண்பா, கண்ணாடி அலமாரில வைக்கறவருக்கு நீங்க சொல்றது சரிதான். இவர் சுடப்போறவர், புதுசா கத்துக்கறவர், ஒரு நாள் மறந்து ஆறு போட்டுட்டா? கழட்டுன பழைய பார்ட்ஸை ஃபேக்டரி கவர்ல போட்டு திருப்பி அனுப்பிரும், அதை பத்திரமா வச்சுக்கிட்டா பின்னாடி விக்கும்போது வாங்கறவருக்கு குடுக்கலாம், வெலை அப்படி ஒண்ணும் கவுந்துறாது.

இன்னொண்ணு, இந்த நாட்டுல பொம்மை, மிக்சின்னு எல்லாத்துக்கும் ரீகால் போடவைக்கற ஆணையத்துக்கு துப்பாக்கி மேல அதிகாரம் கிடையாது, 1972 சட்டத்துலயே விலக்கிட்டாங்க. கம்பெனியா மனசு வச்சு கூப்புட்டாத்தான் உண்டு. அதனால கூப்புடறப்ப போயிரணும். ரெமிங்டன்ங்கற துப்பாக்கி கம்பெனி கதை தெரியும்ல, 2014ல மாடல் 700 ரைஃபிள் டிரிக்கருக்கு ரீகால் விட்டாங்க, 2018லயும் 2020லயும் திவால், துண்டு துண்டா வித்தாச்சு, ரெமிங்டன் பேரை வாங்குன புது ஆளு திவாலுக்கு முந்தி வித்ததுக்கு வாரன்டி பாக்கறதில்ல. கம்பெனி உசுரோட இருக்கும்போதே வேலையை முடிச்சிக்கறது நல்லது.

கேட்டி_முருகன்:
ரொம்ப நன்றிண்ணே, மூணு ஸ்க்ரூதான் இருக்கு. எப்படி அனுப்பறது? திரும்பி வரும்போது மறுபடி கடைக்கு போய் பேப்பர் போடணுமா?

அரிசோனா_செல்வம்:
வேணாம். ரிப்பேருக்கு ஓனரே நேரா ஃபேக்டரிக்கு அனுப்பலாம், அவங்களும் நேரா உங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், ஃபெடரல் சட்டம் அதை விடுது. ஆனா நீங்களா பெட்டியை தூக்கிட்டு கூரியர் கவுன்டர்ல நிக்காதீங்க, பெரிய கூரியருங்க தனி ஆள்கிட்ட வாங்கறதில்ல, எப்படி அனுப்பணும்னு ஃபேக்டரிகிட்டயே கேட்டு அவங்க லேபிள்ல அனுப்புங்க. ஒரு தோட்டா கூட உள்ள இருக்கக்கூடாது, மூணு தடவ பாருங்க. சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைங்க. வரும்போது பெரியவங்க யாராவது வீட்ல இருந்து கையெழுத்து போடணும்.

இதை படிக்கற எச்1பி வேலை விசால இருக்கற தம்பிங்களுக்கும் சொல்லிடறேன், கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், எச்1பில இருந்தா பொதுவா துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்குதான் இருக்கு. நண்பன் பரிசா குடுத்தாலும் அதே கதிதான். வக்கீல கேக்காம தொடாதீங்க.

கேட்டி_முருகன்:
சரிண்ணே, திங்கக்கிழமை காலைல முதல் வேலையா போன் போடறேன். இப்ப தோட்டா எல்லாத்தையும் எடுத்து தனி பெட்டில பூட்டிட்டேன், துப்பாக்கி வேற பெட்டில.