பழைய பிரெஞ்சுக் காரும் புது ஏஜென்டும்: வீட்டுக் குழுவில் இரண்டு நாள்

ஞாயிறு

நான் (காலை 8.12): மாமா, அத்தான், எல்லோரும் இந்தப் படத்தைப் பாருங்கள். தெகிவளையில் ஒரு பேஜோ 2008 விற்பனைக்கு இருக்கிறது. 2017ஆம் வருடத்து வண்டி, 1.2 டர்போ, ஓட்டோ கியர், 62,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது. இந்தக் காசுக்கு வருகிற ஜப்பான் வண்டிகளில் இப்படி இருக்கை கிடையாது, கதவு மூடுகிற சத்தமே வேறு. இப்போது பேஜோவுக்கு இங்கே புது ஏஜென்ட் வந்துவிட்டார்கள், இனிச் சேர்விஸ் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

சித்தி (8.20): வண்டி நல்ல வடிவு. ஆனால் திருகோணமலையில் இதை யார் பார்ப்பார்கள் அப்பன்?

தம்பி (8.31): அண்ணா, எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். புது வண்டி விற்காத காலத்தில் எந்த ஏஜென்ட் பாகம் வாங்கி அடுக்கி வைப்பார்? டொயோட்டா என்றால் கொழும்பில் பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் போய் நின்றாலே பாகம் கிடைக்கும். இதற்கு அப்படி இல்லை. என்னுடைய ரெனோ க்விட்டும் பிரெஞ்சுப் பெயர்தான், ஆனால் அது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்தது. 800 சிசி எஞ்சின், பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை, பாலையூற்றில் இருக்கிற மெக்கானிக்கே பார்த்துவிடுகிறார்.

அக்கா (8.33): மாமா எழுந்தாரா? அவர்தான் சொல்ல வேண்டும்.

மாமா (9.05): கோயிலுக்குப் போய் இப்போதுதான் வந்தேன். மருமகன், அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. வாங்காதே என்று சொல்லவில்லை, அதையும் கேள்.

மாமா (9.06): உன் அம்மப்பாவிடம் பேஜோ 504 இருந்தது. 1975இலும் 1978இலும் ஆபிரிக்காவில் சஃபாரி ரேலியை வென்ற வண்டி அது, அந்தப் புழுதி ரோட்டில். உவர்மலை ஏற்றத்தில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு முனகாமல் ஏறும். கார்பரேட்டர் அடைத்தால் வழியில் நிறுத்தி, கழற்றி, ஊதிப் பூட்டிக்கொண்டு போவார். அந்த நம்பிக்கையில்தான் நானும் பிரெஞ்சு வண்டி வாங்கினேன். ஆனால் இந்தக் காலத்து எஞ்சினுக்கு ஊதிப் பூட்டுகிற வைத்தியம் சரிவராது.

நான் (9.10): உங்கள் வண்டிக்கு என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லுங்கள் மாமா. ஏதோ பெல்ட் என்று மட்டும்தான் தெரியும்.

மாமா (9.34): சரி, கேள். நீ பார்த்த வண்டியிலும் என் வண்டியிலும் இருக்கிற இந்த 1.2 பியூர்டெக் எஞ்சினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் வெளியே இல்லை, எஞ்சினுக்குள் ஒயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. பேஜோ, சிட்ரோயன், ஓப்பல் என்று பல வண்டிகளில் இதே எஞ்சின்தான். ஒயில் சரியில்லாவிட்டால், அல்லது மாற்றப் பிந்தினால், ரப்பர் ஊறிப் பருத்து வெடித்துத் துகளாக உதிரும். அந்தத் துகள் போய் ஒயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். பிரேக்குக்கு உதவுகிற வக்யூம் பம்ப் வரைக்கும் போகும். மூன்று வருடத்துக்கு முன் மாமியும் நானும் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஹபரணை தாண்டியாயிற்று, பொழுது படுகிற நேரம். கல்லோயாச் சந்திக்குக் கிட்ட ஒயில் விளக்கு சிவப்பாகப் பற்றியது. பிரேக்கில் காலை வைத்தால் பெடல் கல்லு மாதிரி, இறங்கவே இல்லை. கியரைக் குறைத்துக் குறைத்து ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இருட்டினால் யானை வருகிற இடம், வெளியே நிற்க வேண்டாம் என்று கடைக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். மாமி என் கையை விடவே இல்லை.

மாமா (9.41): அடுத்த நாள் வண்டியை லொறியில் ஏற்றித் திரும்பவும் கொழும்புக்கு. எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்குகிற சம்பைக் கழற்றி அந்த வடிகட்டியை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். தேயிலைச் சக்கை மாதிரிக் கறுப்பாக அப்பியிருந்தது, விரலால் நசித்தால் ரப்பர். அதற்கு முந்தின இரண்டு சேர்விஸும் இங்கே ஊரில் செய்தது. என்ன ஒயில் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, எதை விட வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரென்று பெயர் சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள். டின்னில் பி71 2312 என்ற கம்பனியின் தர இலக்கம் அச்சடித்திருக்க வேண்டும், 0டபிள்யூ-30 ஒயில். அது இல்லாமல் விலை கூடினதாக எதை விட்டாலும் இந்த எஞ்சினுக்கு உதவாது.

சித்தி (9.44): கடவுளே, இதை ஒரு நாளும் எங்களிடம் சொல்லவில்லையே அண்ணா.

அத்தான் (10.15): மச்சான், மாமா சொன்னது முழுக்க உண்மை, கம்பனியே ஒப்புக்கொண்ட விஷயம். இந்தப் பெல்ட்டை 10 வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு 6 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் என்று குறைத்தார்கள். 2024இல் ஐரோப்பாவில் 10 வருடம், 175,000 கிலோமீற்றர் வரைக்கும் வொரண்டியை நீட்டினார்கள், அதுவும் ஒழுங்காகச் சேர்விஸ் செய்த வண்டிகளுக்கு. இங்கே அதை எதிர்பார்த்து வாங்காதே. 62,000தான் ஓடியிருக்கிறது என்று நீ சந்தோஷப்படுகிறாய், வருடத்தையும் எண்ணிப் பார். 2017 வண்டிக்கு 6 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது.

தம்பி (10.18): இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்.

அத்தான் (10.22): ஆனால் தம்பி, எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போடாதே. அந்த ஓட்டோ கியர்பெட்டி ஜப்பானின் ஐசின் செய்வது, ஆறு கியர், நல்ல பெட்டி. சஸ்பென்ஷனுக்கும் குறை சொல்ல முடியாது. பெல்ட்டையும் ஒயிலையும் கவனித்தவனுக்கு இது நல்ல வண்டி. மச்சான், புது ஏஜென்ட் என்று பெயர்ப்பலகை மாறினதை வைத்து முடிவெடுக்காதே. பழைய ஏஜென்ட் விற்ற வண்டிக்கு இவர்கள் எந்த அளவுக்குப் பொறுப்பு எடுப்பார்கள் என்று கேள். சாசி இலக்கத்தைக் கொடுத்தால் சரியான பாகம் எது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்களா, கோளாறு பார்க்கிற கம்பனியின் டயக்பாக்ஸ் இருக்கிறதா, பெல்ட் பருத்திருக்கிறதா என்று அளக்கிற கேஜ் இருக்கிறதா? நாளைக்கே கூப்பிட்டுப் பேசு.

மாமா (10.30): அதோடு, எஞ்சினுக்கு ஒயில் விடுகிற மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல். அந்த எஞ்சினில் மூடிக்குக் கீழேயே பெல்ட் தெரியும். முதுகுப் பக்கம் குறுக்கே வெடிப்பு இருந்தால் பேசவே வேண்டாம்.

திங்கள்

நான் (மதியம் 12.48): படம் வந்துவிட்டது, பாருங்கள் மாமா. விற்பவர் முகம் சுளிக்காமல் எடுத்து அனுப்பினார்.

மாமா (1.10): மாமியின் கண்ணாடியையும் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்புத் தெரியவில்லை, ஓரமும் பிய்ந்ததாக இல்லை. ஆனால் பருத்திருக்கிறதா என்று படத்தில் சொல்ல முடியாது, அதற்குக் கேஜ்தான் வேண்டும். கேஜின் வாய்க்குள் பெல்ட் தாராளமாகப் போக வேண்டும், இறுகினால் முடிந்தது.

நான் (1.25): ஏஜென்டுக்கும் கூப்பிட்டேன். சேர்விஸ் பகுதியில் ஒரு பெண் பேசினார், நல்ல பொறுமை. சாசி இலக்கத்தைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தார். பெல்ட் செட் கையிருப்பில் இருக்கிறதாம். ஒயில் பம்பின் வடிகட்டி இல்லை, ஓர்டர் போட்டால் ஆறு வாரம் ஆகலாமாம். பழைய ஏஜென்ட் காலத்துச் சேர்விஸ் விவரம் தங்களிடம் வரவில்லை, பில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். திருகோணமலைப் பக்கம் இப்போதைக்கு ஆட்கள் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அக்கா (1.31): ஆறு வாரமா!

மாமா (1.40): இல்லை பிள்ளை, எனக்கு இந்தப் பதில் பிடித்திருக்கிறது. எல்லாம் இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்று சொல்லிக் கூப்பிட்டு, என் வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு மாதம் நாளைக்கு நாளைக்கு என்று சொன்ன இடம் எனக்குத் தெரியும். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம், அந்த நாட்களில் வண்டியை ஓட்டாமல் வைத்திருக்கலாம். பாகம் வருகிற திகதியை எழுத்தில் கேட்டு வாங்கு. பெல்ட், வடிகட்டி, ஒயில் மூன்றின் செலவையும் விலையில் கழிக்க விற்பவர் சம்மதித்தால் மேலே பேசலாம்.

தம்பி (1.52): அப்புறம் இங்கே யார் சேர்விஸ் செய்வது? ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போய் வர முடியுமா?

மாமா (2.03): வருடத்துக்கு ஒரு முறை கொழும்பு. இடையில் ஒயில் மாற்றுவதற்கு நான் மூன்று டின் எப்போதும் வீட்டில் வைத்திருக்கிறேன், நம்முடைய ஒயிலை நாமே கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் நின்று ஊற்றச் செய்யலாம். என் வண்டி இந்த மூன்று வருடமும் அப்படித்தான் ஓடுகிறது. போன மாதம் யாழ்ப்பாணம் போய் வந்தேன், ஒரு சத்தம் இல்லை.

அத்தான் (2.20): விலை கழிக்கிற கதையை நான் அவரோடு பேசுகிறேன் மச்சான். வெள்ளவத்தையிலிருந்து தெகிவளை எட்டின தூரம்தானே.

சித்தி (2.24): வண்டி வாங்கினால் முதலில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் (2.30): சரி சித்தி. மாமா, கேஜ் வைத்துப் பார்க்கப் புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரம் தந்திருக்கிறார்கள்.

மாமா (2.37): செவ்வாய் இரவு பஸ்ஸில் நானும் வருகிறேன். கேஜ் போடும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். விற்பவரிடம் பழைய பில் ஒன்று விடாமல் எடுத்து வைக்கச் சொல், ஒயில் பெயர் எழுதின பில் முக்கியம். மெல்லிய டோர்ச் ஒன்றும் கொண்டுவா.